ஆக்கின்டோரன் உட்கடை

மன்னார்குடிப் பக்கம் முப்பத்தோரு வருஷம் பதிவுத்துறையில் இருந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவர் கல்யாணசுந்தரம். சிட்னிக்கு வந்த மூன்றாவது வாரத்திலேயே அவருக்குப் பொழுது போகாமல் போயிற்று. மகள் ஹரிப்பிரியாவுக்கு ஐந்தாவது மாதம். ஒத்தாசையாக இருக்கலாம் என்று அவரும் மனைவி வேதவல்லியும் மேய்ஸ் ஹில்லில் இருந்த மகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வேதவல்லிக்குச் சமையல் இருந்தது, நடந்து போகிற தூரத்தில் முருகன் கோயில் இருந்தது, கோயிலில் பழக்கமான நாலு பெண்கள் இருந்தார்கள். அவருக்கு வாய்த்ததெல்லாம் ஒரு ஜன்னலும், எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுகிற சத்தமும்தான்.

அப்படியிருந்த ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை ஆங்கஸின் அம்மா மொய்ரா, கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். ஸ்ட்ராத்ஃபீல்டில் தனியாக வசிப்பவர். நாற்பது வருஷம் பிரசவ வார்டில் மருத்துவச்சியாக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். உயரமான உருவம், உரத்த சிரிப்பு. வேதவல்லிக்கு அவரை மிகவும் பிடிக்கும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும் என்பது அதற்கு இடைஞ்சலாக இருக்கவில்லை.

"குழந்தை பிறப்பதற்குள் இதை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று பார்க்கிறேன்" என்றார் மொய்ரா ஆங்கிலத்தில். "என் பிறந்த வீட்டு வரலாறு. நாலு வருஷமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது."

பெட்டிக்குள் ஒரு பழைய குடும்ப பைபிள் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் மையால் எழுதியிருந்தது: வில்லியம் கெடிஸ், 1854இல் கப்பலேறி வந்தவர், ஸ்காட்லாந்தில் ஆக்கின்டோரனின் ஜேம்ஸ் கெடிஸுடைய குமாரர். அந்த வில்லியம்தான் மொய்ராவுக்குக் கொள்ளுத்தாத்தா. ஜேம்ஸ் கெடிஸ் ஆக்கின்டோரன் என்கிற ஊருக்கே சொந்தக்காரர், பெரிய நிலச்சுவான்தார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை. மெல்பர்னில் இருக்கும் மொய்ராவின் அண்ணன் டொனால்ட், தன் வீட்டு வாசலில் 'ஆக்கின்டோரன்' என்று பித்தளைப் பலகையே அடித்து மாட்டியிருந்தார்.

"இதில் என்ன சிக்கல்?" என்றார் கல்யாணசுந்தரம்.

"ஸ்காட்லாந்தில் அப்படியொரு ஊரே இல்லை. அங்கே எல்லாவற்றையும் தேவாலயப் பங்கு வாரியாகத்தான், அதாவது எந்த ஊர் எந்தத் தேவாலயத்தில் சேர்த்தியோ அதன்படிதான், பதிவு செய்திருக்கிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாமே. மொத்தப் பங்குகளின் பட்டியலையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். ஆக்கின்டோரன் கிடையாது."

கல்யாணசுந்தரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எத்தனை நூறு பேர் அவர் மேஜைக்கு முன்னால் இதே குறையோடு வந்து நின்றிருக்கிறார்கள்! எங்கள் ஊர் மேலத்தோப்பு சார், ஆனால் உங்கள் புத்தகத்தில் மேலத்தோப்பே இல்லையே சார் என்பார்கள். மேலத்தோப்பு பிறகு எங்கேதான் இருக்கும்? வேறொரு கிராமத்தின் பேருக்குள் அடங்கி, சத்தமில்லாமல் இருக்கும்.

"மேடம், நீங்கள் தேடுவது கிராமம் இல்லை" என்றார். "எங்கள் பக்கத்தில் இதை உட்கடை என்போம். பத்து வீடு, கொஞ்சம் வயல். அங்கே இருப்பவனைக் கேட்டால் அதைத்தான் ஊர் என்பான். சர்க்கார் கணக்கிலோ அது பக்கத்துப் பெரிய கிராமத்தில் சேர்த்தி. முதலில் வரைபடத்தைப் பாருங்கள், பட்டியல் அப்புறம்."

மொய்ரா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பெட்டியை அவர் பக்கமாகத் தள்ளினார்.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அவர் மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயில் பிடித்து ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போனார். மொய்ரா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு இருவரும் உட்காருவார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அளந்து வரைந்த ஸ்காட்லாந்து வரைபடங்களை அங்கத்திய நூலகம் ஒன்று இணையத்தில் போட்டிருந்தது. தனித்தனிக் களஞ்சியமும் ஓடையும்கூட அதில் தெரிந்தன. இருவரும் வடகிழக்கு மாவட்டங்களை ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பார்க்கப் பார்க்க ஊர்ப்பேர்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. பட்டி, குறிச்சி, மங்கலம் என்று பிரித்துப் படித்தே பழகியவர். இங்கேயும் பேர்கள் பிரிந்து கொடுத்தன. 'ஆக்' என்று தொடங்கினால் வயல். 'கிர்க்' என்றால் தேவாலயம். 'இன்வர்' என்றால் ஆறு கலக்கும் இடம். 'ஸ்ட்ராத்' என்றால் அகன்ற பள்ளத்தாக்கு. ஒரு சின்ன நோட்டு வாங்கி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து வேகவேகமாக வந்தவர், வாசலிலேயே நின்று, "மேடம், உங்கள் ஸ்ட்ராத்ஃபீல்டும் ஸ்காட்லாந்துப் பேர்தான்! ஸ்ட்ராத் இருக்கிறதே!" என்றார்.

மொய்ரா விழுந்து விழுந்து சிரித்தார். "இல்லை கல்யாண். இங்கே இருந்த ஒரு மாளிகையின் பேர் அது. அந்தப் பேர் வந்தது இங்கிலாந்திலிருந்து என்பார்கள். பேரைப் பார்த்து ஏமாந்த முதல் ஆள் நீங்கள் இல்லை."

அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'பேர் மட்டும் சாட்சி ஆகாது' என்று எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவது நாள் ஆக்கின்டோரன் அகப்பட்டது. மலைச்சரிவில் ஓர் ஓடை வளையும் இடத்தில் நாலு கட்டடங்கள். வரைபடத்தில் அதன் பேர் 'ஆகன்டௌரன்' என்று இருந்தது.

"எழுத்து மாறியிருக்கிறதே" என்றார் மொய்ரா சந்தேகமாக.

"அளக்க வந்தவன் காதில் விழுந்ததை எழுதியிருப்பான். எங்கள் ஊர்ப் பேர்களை வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போனான் தெரியுமா!"

பேரில் 'ஆக்'குக்கு அடுத்து வந்த சொல்லுக்கு அகராதியில் நீர்நாய் என்று பொருள் போட்டிருந்தது. நீர்நாய் வயல். அந்த ஓடையில் அது நீந்தியிருக்கும் என்று நினைக்க அவருக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. மூன்று மைல் தள்ளிச் சிலுவைக் குறி போட்ட ஒரு கட்டடம். கிர்க்மோர்னன் பங்குத் தேவாலயம். அப்படியானால் ஆக்கின்டோரன்காரர்களின் பிறப்பு இறப்பெல்லாம் கிர்க்மோர்னன் பதிவேட்டில்தான் இருக்க வேண்டும்.

இருந்தது. கப்பல் பட்டியலில் வில்லியமுக்கு வயது இருபத்திரண்டு என்று போட்டிருந்ததால், 1832ஐ ஒட்டித் தேடினார்கள். கிர்க்மோர்னன் பதிவேட்டில் ஒன்றல்ல, மூன்று வில்லியம் கெடிஸ்கள் இருந்தார்கள். முதல் வில்லியம் ஆக்கின்டோரனில் குடியிருந்த ஜேம்ஸ் கெடிஸின் மகன். இரண்டாமவன் ராபர்ட் என்கிற தச்சரின் மகன். மூன்றாவது பதிவு ஒரு ஓரத்தில் நெருக்கியடித்து எழுதப்பட்டிருந்தது: வில்லியம், எல்ஸ்பெட் மட்ச் என்பவளின் முறைதவறிப் பிறந்த பிள்ளை, தகப்பன் என்று சொல்லப்படுகிறவன் அலெக்சாண்டர் கெடிஸ், பண்ணையாள்.

மொய்ரா முதல் வரியைத் தொட்டு, "இதோ எங்கள் ஜேம்ஸ்!" என்று கைதட்டினார். உடனே டொனால்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். மெல்பர்னில் அண்ணன் பேத்தியின் பிறந்தநாள் வந்தது. நேரில் போய்க் கொண்டாடிவிட்டு வருகிறேன் என்று மறுநாளே விமானம் ஏறிவிட்டார்.

கல்யாணசுந்தரத்துக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

முதல் உறுத்தல் ஒரு சின்னச் சொல்லில் இருந்தது. பைபிளில் 'ஆக்கின்டோரனின் ஜேம்ஸ்' என்று இருந்தது. பதிவேட்டிலோ 'ஆக்கின்டோரனில் ஜேம்ஸ்'. தேடிப் படித்தபோது, அந்நாளில் அங்கே இந்த இரண்டும் வேறுவேறு என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் 'ஆஃப்' போட்டு 'ஆக்கின்டோரனின்' என்று எழுதினால் நிலம் அவனுடையது. 'ஆக்கின்டோரனில்' என்றால் குத்தகைக்கு உழுகிறவன். அந்தச் சின்னச் சொல்லில் ஒரு பண்ணையே கைமாறியிருக்கிறது! பத்திரத்தில் இப்படி ஒன்று வந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டார்.

இரண்டாவது உறுத்தல் குழந்தைகளின் பேரில் இருந்தது. வில்லியம் இங்கே வந்து ஜேன் என்பவளைக் கட்டிக்கொண்டு பெற்ற பிள்ளைகள் பைபிளில் வரிசையாக இருந்தார்கள். மூத்த மகன் அலெக்சாண்டர், அடுத்தவன் ஜான். மூத்த மகள் மார்கரெட், அடுத்தவள் எல்ஸ்பெட். அதற்குப் பிறகும் நாலைந்து பேர்.

அவர் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் போனார். "வேதா, நம்ம குடும்பத்துல மூத்த பையனுக்கு யார் பேரு வைப்போம்?"

"உங்க அப்பா பேருதான். இதென்ன கேள்வி? அதனாலதானே பேரன்னு சொல்றது."

"ரெண்டாவது பையனுக்கு?"

"எங்க அப்பா பேரு. ஏங்க, இங்க பிறக்கப்போறதுக்கு இப்பவே பேர் யோசிக்கிறீங்களா? அவங்க ரெண்டு பேரும் என்னமோ லிஸ்ட் போட்டு வச்சிருக்காங்க, நாம தலையிட வேணாம்."

"அதில்ல. ஸ்காட்லாந்துலயும் அப்படித்தானாம். மூத்தவனுக்கு அப்பாவோட அப்பா பேரு. அடுத்தவனுக்கு அம்மாவோட அப்பா பேரு. பொண்ணுங்கன்னா முதல்ல அம்மாவோட அம்மா, அப்புறம் அப்பாவோட அம்மா."

"சரி, அதுக்கென்ன?"

"ஜேனோட அப்பா பேரு ஜான், அம்மா மார்கரெட். அது இங்கேயே ரிக்கார்டுல இருக்கு. ரெண்டும் அச்சா பொருந்துது. அப்போ வில்லியமோட அப்பா பேரு ஜேம்ஸா இருக்க முடியாது. அலெக்சாண்டர். அம்மா பேரு எல்ஸ்பெட்."

வேதவல்லியின் கத்தி நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த மூணாவது புள்ளையா?" என்றாள். இவ்வளவு நாளும் அவர் சொன்னதையெல்லாம் அவள் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் எதிர்த்தரப்பையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் பழக்கம். ஜேம்ஸின் மகன் வில்லியம் என்ன ஆனான்? 1861ஆம் வருஷத்து ஸ்காட்லாந்து மக்கள்தொகைக் கணக்கைத் திறந்தார். ஆக்கின்டோரனில், அப்பாவின் குத்தகை நிலத்தை உழுதுகொண்டு, மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் அவன் அங்கேயே இருந்தான். அதே வருஷம் மொய்ராவின் வில்லியம் நியூ சவுத் வேல்ஸில் இருந்தான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. தச்சரின் பிள்ளையோ நாலு வயசில் இறந்துபோயிருந்தது.

மிச்சம் இருந்தது பங்குச் சபையின் நிகழ்ச்சிக் குறிப்பு. குருவும் மூப்பர்களும் கூடி, பங்கில் நடந்த தப்புத்தண்டாவை விசாரித்து எழுதி வைக்கிற புத்தகம் அது. எழுத்தரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. ஆனால் இதைவிட மோசமான எழுத்துகளை அவர் படித்திருக்கிறார். ஒரு பகல் பூராவும் உட்கார்ந்து வரி வரியாகப் பெயர்த்தெடுத்தார்.

எல்ஸ்பெட் மட்ச், வயது இருபத்தொன்று, ஆக்கின்டோரனில் பால் கறக்கும் வேலைக்காரி, சபை முன் ஆஜரானாள். தகப்பன் யார் என்று கேட்கப்பட்டாள். அலெக்சாண்டர் கெடிஸ் என்றாள். அவன் வரவழைக்கப்பட்டு ஒப்புக்கொண்டான். கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்டதற்கு, கையில் ஒன்றும் இல்லை, கடலுக்குப் போகிறேன், திரும்பி வந்து செய்துகொள்கிறேன் என்றான். எல்ஸ்பெட் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று கண்டனம் கேட்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த பக்கத்தில் ஒரே வரி: எல்ஸ்பெட் மூன்றாவது முறையாக நின்றாள், மன்னிக்கப்பட்டாள். அலெக்சாண்டரைப் பற்றி அதற்கப்புறம் ஒரு பேச்சும் இல்லை.

கல்யாணசுந்தரம் கணினியை மூடிவிட்டு வெகு நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு இருந்த இருபத்தொரு வயசுப் பெண், ஒரு ஊரே பார்க்க மூன்று வாரம் நின்றிருக்கிறாள்.

சாயங்காலம் ஹரிப்பிரியா வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"ஐயோ அப்பா!" என்றாள் அவள். "மொய்ரா இப்பதான் மெல்பர்ன்ல எல்லார்கிட்டயும் ஜேம்ஸ் கிடைச்சுட்டார்னு சொல்லி செலிபிரேட் பண்ணிட்டு இருக்காங்க. இதை எப்படிச் சொல்லுவீங்க? சொல்லத்தான் வேணுமா?"

"அதான்மா யோசிக்கிறேன். சம்பந்தி வீட்டு விஷயம். நாளைக்கு உனக்குச் சங்கடமா வந்துடக் கூடாது."

வேதவல்லி தட்டை வைத்தபடியே, "முப்பது வருஷம் ரிஜிஸ்டர் வச்சிருந்தவரு, பார்த்ததைப் பார்க்கலன்னு சொல்லப்போறீங்களா?" என்றாள். "அந்தம்மா நாப்பது வருஷம் பிரசவம் பார்த்தவங்க. அவங்க பார்க்காததா? போய்ச் சொல்லிட்டு வாங்க. நானும் வர்றேன்."

மொய்ரா ஊர் திரும்பிய செவ்வாய்க்கிழமை இருவரும் போனார்கள். கல்யாணசுந்தரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தார். பேர் வைக்கும் வழக்கம், 1861 கணக்கு, சபைக் குறிப்பு. நீதிமன்றத்தில் படிப்பதுபோலக் குரலை உயர்த்தாமல் படித்து முடித்தார்.

கேட்டு முடித்ததும் மொய்ரா எழுந்துபோய் ஜன்னலண்டை நின்றார். முதுகுதான் தெரிந்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று நினைத்தபடி கல்யாணசுந்தரம் தாளை நாலாக மடித்தார்.

"மூன்று ஞாயிற்றுக்கிழமை" என்றார் மொய்ரா கடைசியில். திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. "வார்டில் எத்தனை சின்னப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றிருக்கிறார்கள் தெரியுமா கல்யாண்? புருஷன் எங்கே என்று யாராவது கேட்டால், வெளியே போ என்று விரட்டுவேன். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருந்திருக்கிறாள், அவள் பேரையே மறைத்துவிட்டோம். யார் மறைத்தது? வில்லியமா?"

"அவர் இல்லை" என்றார் கல்யாணசுந்தரம். "அவர் மகளுக்கு எல்ஸ்பெட் என்றுதான் பேர் வைத்திருக்கிறார்."

இருவருமாக அட்டைப்பெட்டியிலிருந்து வில்லியமின் மரணச் சான்றிதழை வெளியே எடுத்தார்கள். 1903. தகப்பன்: ஜேம்ஸ் கெடிஸ், நிலவுடைமையாளர். தகவல் கொடுத்தவர்: கடைசி மகன் ராபர்ட். மொய்ராவின் சொந்தத் தாத்தா. பைபிளின் முதல் பக்கத்தில் இருந்ததும் அதே கையெழுத்துதான். சிட்னியில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, அந்த வருஷம்தான் ராபர்ட் ஒரு பணக்கார வீட்டில் பெண் எடுத்தாராம்.

"மாமனாருக்குச் சொல்ல அவருக்கு ஒரு நல்ல தாத்தா தேவைப்பட்டிருக்கிறார்!" என்றார் மொய்ரா. அந்தப் பழைய உரத்த சிரிப்பு திரும்பி வந்தது. வேதவல்லிக்கு எல்லாம் புரிந்ததா என்று தெரியாது, ஆனால் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்கப்புறம் தேடல் எல்ஸ்பெட் பக்கம் திரும்பியது. கிர்க்மோர்னன் புதைப்புப் பதிவில் அவள் இல்லை. 1861 கணக்கிலும் இல்லை. கல்யாணசுந்தரம் பக்கத்துப் பங்குகளையெல்லாம் சல்லடை போட்டார். ஸ்காட்லாந்து பூராவும் தேடிச் சலித்த பிறகு, மொய்ராவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "நான் அவளாக இருந்தால் அங்கே இருக்க மாட்டேன்" என்றார்.

நியூ சவுத் வேல்ஸுக்கு வந்து இறங்கியவர்களின் பட்டியலில், 1857ஆம் வருஷத்தில், அவள் இருந்தாள். எல்ஸ்பெட் மட்ச், வயது நாற்பத்தாறு, வீட்டு வேலை, பிறந்த ஊர் கிர்க்மோர்னன், படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. காலனியில் உறவினர் உண்டா என்ற பத்தியில்: மகன் வில்லியம்.

இந்தத் தடவை கைதட்டியது கல்யாணசுந்தரம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, எல்ஸ்பெட்டின் இறப்புப் பதிவில் புதைத்த இடமாகப் போட்டிருந்த தேவாலயத்தைத் தேடி மொய்ராவின் காரில் மூவரும் கிளம்பினார்கள். ஹரிப்பிரியாவுக்கு ஏழாவது மாதம் ஆகியிருந்ததால் ஆங்கஸோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். கூல்பர்ன் தாண்டி, செம்மறிகள் மேய்கிற வெளிகளைத் தாண்டி, மண் ரோட்டின் முடிவில் ஒரு சின்னக் கல் தேவாலயம். பூசை நடந்து பல வருஷமாகியிருக்க வேண்டும். கதவில் பூட்டுத் துருவேறிக் கிடந்தது. பின்னால் இருந்த கல்லறைகளுக்குள் மூவரும் ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து நடந்தார்கள்.

"ஏங்க, இங்க வாங்க!" என்று கூப்பிட்டது வேதவல்லிதான். "எழுத்தே தெரியல, ஆனா முதல் எழுத்து E மாதிரி இருக்கு."

கல் பாசி பிடித்துச் சாய்ந்திருந்தது. வேதவல்லி கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து கல்மேல் ஊற்றினாள். நனைந்த கல்லில் எழுத்துகள் கறுத்து ஒவ்வொன்றாக எழும்பின. மொய்ரா மண்டியிட்டுச் சத்தமாகப் படித்தார்.

எல்ஸ்பெட் மட்ச். கிர்க்மோர்னன் பங்கு, ஆக்கின்டோரனில் வாழ்ந்தவள். 1871இல் காலமானாள். தன் தாய்க்கு, மகன் வில்லியம் கெடிஸ் நாட்டியது.

"அவர் ஒளிக்கவே இல்லை" என்றார் மொய்ரா. "வேறு பேர் போட்டிருக்கலாம். திருமதி கெடிஸ் என்று போட்டிருந்தால் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? இவளுடைய சொந்தப் பேரையே கல்லில் வெட்டியிருக்கிறார்."

அவர் அங்கேயே உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தார். டொனால்ட் முதலில் நம்பவில்லை. குரல் உயர்ந்தது கல்யாணசுந்தரத்துக்கே கேட்டது. யாரோ வேலையற்றவர்கள் கட்டிய கதை என்றார், அப்பா அப்படிச் சொல்லவில்லை என்றார். மொய்ரா கல்லில் இருந்ததை மறுபடியும் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். பிறகு டொனால்ட், "மட்ச் என்பதை எப்படி எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். மொய்ரா எழுத்துக்கூட்டிச் சொன்னார். போட்டோ அனுப்பு என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

"கோபமா?" என்றாள் வேதவல்லி ஆங்கிலத்தில்.

"கோபம்தான். ஆனால் எழுத்துக்கூட்டச் சொன்னானே" என்றார் மொய்ரா.

வெயில் விழுந்த பக்கமாகத் தேவாலயச் சுவரோரம் துப்பட்டியை விரித்து, வேதவல்லி புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தாள். மொய்ரா ஸ்பூனை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே சாப்பிட்டார். காற்று குளிராக இருந்தது.

"கடலுக்குப் போறேன்னு சொன்னானே, அந்த அலெக்சாண்டர்" என்றாள் வேதவல்லி திடீரென்று. "அவன் திரும்பி வந்தானா, இல்ல ஏமாத்திட்டுப் போனானா?"

கல்யாணசுந்தரம் அதை மொய்ராவுக்கு மொழிபெயர்த்தார்.

மொய்ரா வாயில் வைக்கப்போன கையை இறக்கினார். "மாலுமிகளுக்குத் தனிப் பதிவேடு இருக்குமா கல்யாண்?"

"கப்பல் இருந்தால் கணக்கு இருக்கும்" என்றார் அவர், சட்டைப்பையில் நோட்டைத் தேடிக்கொண்டே.